பன்றி நலம், கூரையும் நலம்

லொல்தாவா கிராமம்,
பெந்தகோஸ்த் தீவு.

குயின்ஸ்லாந்து வாழைத் தோட்டத்தில் தார் சுமந்து குடும்பத்தின் பெயரை நிலைநாட்டிவரும் மதிப்பிற்குரிய மைத்துனர் பாசில் கரே அவர்களுக்கு, தங்கள் அக்காள் எதலின் கணவனும் இவ்வூர்க் கடைக்காரனுமாகிய ஹோசியா தாரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கு யாவரும் சுகம். தங்கள் மனைவி ரோசலின் சுகம். தாங்கள் கப்பல் ஏறும் அன்று என் கையில் கயிற்றைக் கொடுத்து, "அத்தான், இத உங்க உயிரு மாதிரி பாத்துக்குங்க" என்று கண்ணீருடன் ஒப்படைத்துப் போன தங்கள் பன்றி கேப்டனும் சுகம். தாங்களும் அவ்விடம் சுகமாக இருந்து, முதுகுவலி குறைந்து, வரும் ஆகஸ்டில் ஊர் திரும்ப வேண்டுகிறோம்.

செல்போன் கோபுரம் புயலில் படுத்தது இன்னும் எழுந்திருக்கவில்லை. அதனால்தான் கடிதம். மச்சான், எனக்கு இருக்கிற சந்தோஷத்தில் பேனா காகிதத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. கடைசியில் ஒரு பெரிய செய்தி வைத்திருக்கிறேன். அதை முதலிலேயே எழுது என்று உன் அக்காள் என் தலைக்கு மேலே நின்று கத்துகிறாள். நான் வியாபாரி. நல்ல சரக்கை உள்ளேதான் வைப்பேன். வாசலில் வைக்க வேண்டியதை வைத்துவிட்டேன்: பன்றி நலம். அதை மனதில் உறுதியாகப் பிடித்துக்கொண்டு மேலே படி. நடுவில் எங்கே பதற்றம் வந்தாலும் மறுபடி மேலே போய் அந்த வரியைப் படித்துவிட்டு வா.

மார்ச் மாதப் புயலைப் பற்றி வானொலியில் கேட்டிருப்பாய். வானொலியில் சொல்லாததை நான் சொல்கிறேன். நம் மருந்தகத்தின் கூரை ஒரு தகடுகூட மிச்சமில்லாமல் மொத்தமாகக் கிளம்பி, ஓடையைத் தாண்டி, கிழக்கூர்க்காரன் ஒருவனின் தோட்டத்தில் போய் இறங்கிவிட்டது. கேட்கப் போனால் அதற்குள் கோழிக்கூண்டு கட்டிவிட்டான். "வானத்துலேருந்து வந்துச்சு, கடவுள் குடுத்தது" என்கிறான். "கடவுள் ஆணி அடிச்சு, பச்சைப் பெயின்ட் பூசியா குடுப்பாரு?" என்று கேட்டதற்கு, "அவரு நெனச்சா எதுவும் செய்வாரு" என்று என்னையே நாத்திகன் ஆக்கிவிட்டான். தண்ணீர்த் தொட்டி உருண்டு கடலுக்குள் போனது. அம்பே தீவுப் பக்கம் மிதந்து போனதைப் பார்த்ததாகப் படகுக்காரர்கள் சொன்னார்கள். என் கடையில் ஒரு தகடு இருந்திருந்தாலும் நானே போட்டிருப்பேன். தலைநகர் விலாவிலேயே கூரைகள் பறந்துவிட்டதால் தகடு எல்லாம் விலாவோடு நின்றுவிட்டது. மருந்தகத்தில் பிரசவம் பார்க்கிற மெரிலின் நர்ஸ் பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்தாள். "மேல மழை, கீழ பிரசவம், நடுவுல நான் குடை பிடிக்கவா? கூரையும் தண்ணியும் வரலைன்னா என்னைத் தெற்குப் பக்கம் மாத்திடுவாங்க அண்ணே, சொல்லிட்டாங்க" என்றாள். அவள் போய்விட்டால் ரோசலின் நிறைவயிற்றோடு சின்னப் படகில் முனையைச் சுற்றித்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த முனையில் அலை எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைச் சுற்றிப் போன கர்ப்பிணிகளில் திரும்பி வராதவர்களும் உண்டு. இதையும் மனதில் வைத்துக்கொள். பின்னால் நீ என் மேல் கோபப்படும்போது உதவும்.

இப்படி நாங்கள் கவலையில் இருக்கும்போது ஒரு சேதி வந்தது. வறுமையை ஒழிக்கிற சர்வதேச நிறுவனம் ஒன்று படகில் கரையோரமாக ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டு வருகிறதாம். எல்லாவற்றிலும் ஏழையான ஒரே ஒரு ஊருக்கு அந்த ஊர் கேட்பதைக் கட்டிக்கொடுத்துவிட்டுப் போகுமாம். எனக்குப் புரிந்துவிட்டது. வாடிக்கையாளன் வருகிறான், அவன் கேட்கிற சரக்கு ஏழ்மை, அது நம்மிடம் இருப்பதாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அன்று சாயங்காலமே ஊர்க்கூடமான நகமாலில் எல்லாரும் காவா வேர்ச்சாறு குடிக்கக் கூடியிருந்தபோது எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னேன். தலைவர் மொலி காவாச் சிரட்டையைக் கீழே வைத்தார்.

"ஏழையா? யாரு? எங்க தாத்தா ஒரே நாள்ல நூறு பன்னி அடிச்சுப் பட்டம் வாங்கினவரு."

"அது தாத்தா, தலைவரே. இப்ப மருந்தகத்துக்குக் கூரை இல்ல."

"கூரை இல்லாதவன் கூரை இல்லாதவன். ஏழைன்னா சொந்தக்காரன் இல்லாதவன். நம்ம ஊர்ல சொந்தக்காரன் இல்லாதவன் யாருய்யா?"

எல்லாரும் யோசித்தார்கள். "மாலேகுலாவுலேருந்து ஒரு போலீஸ்காரன் வந்தானே, அவனுக்கு யாரும் இல்ல" என்றது ஒரு குரல். "அவனுக்குத்தான் என் மருமகளக் கட்டிக் குடுத்தாச்சே" என்றது இன்னொன்று. "அப்ப அவனும் இல்ல. ஏழை யாரும் இல்லைன்னு சொல்லி அனுப்பிடலாம்" என்று தலைவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நான் காலில் விழாத குறை. "ரெண்டே ரெண்டு நாள், தலைவரே! எல்லாரும் ஏழையா இருந்துடுங்க. சோறு போடாதீங்க, பாய் குடுக்காதீங்க, காவா இடிக்காதீங்க. கூரை வந்ததும் பழையபடி இருந்துக்கலாம்."

"வந்தவனுக்குத் தண்ணியாவது குடுக்கலாமா?"

"தண்ணி குடுக்கலாம்."

"இளநீ?"

"பாதி."

ரோசலினின் பெயரைச் சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். மறுநாள் நான் பட்ட பாடு! கடையில் இருந்த அரிசி மூட்டை, மீன் டின், பிஸ்கட் எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளித் துணி போட்டு மறைத்தேன். லாரியைத் தென்னங்கீற்றால் மூடினேன். ஊர்ப் பன்றிகளை எல்லாம் மலைக்கு மேலே ஓட்டினோம். உன் கேப்டனை நான் என் கையாலேயே கொண்டுபோய்க் கட்டினேன். பிற பன்றிகளோடு அல்ல, தனியாக, நிழலில். கோரைப்பல் இரண்டும் வளையலாகச் சுற்றிவிட்ட பன்றி மண்ணைக் கிளறித் தின்ன முடியாது என்பதால் வேகவைத்த சேப்பங்கிழங்கையும் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். அடுத்து, போட்டுக்கொள்ள ஒரு கிழிந்த சட்டை வேண்டுமே என்று ஊரெல்லாம் கேட்டேன். ஒருவனும் தன்னிடம் கிழிந்த சட்டை இருப்பதாக ஒப்புக்கொள்ளவில்லை. முதுகில் ஜன்னல் மாதிரி ஓட்டை வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறவனே, "எங்கிட்ட ஏது மாமா கிழிஞ்ச சட்டை?" என்கிறான். கடைசியில் என் ஈஸ்டர் சட்டையை நானே கத்தரிக்கோலால் கிழித்தேன். உன் அக்காள் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. அந்த ஒரு லாபம்.

படகு வந்தது. இரண்டே பேர். ஒருவர் ஹென்ட்ரிக், டச்சுக்காரர், நம் தென்னை மர உயரம், வெயிலில் வெந்து சிவந்த மூக்கு. இன்னொருத்தி லேனா, விலாப் பெண். அவர் பேச்சை நமக்கும் நம் பேச்சை அவருக்கும் சொல்கிறவள். நான் கிழிந்த சட்டையில் சோர்ந்த முகத்தோடு பாதி இளநீரை நீட்டினேன். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து நகமாலில் இருந்து காவா இடிக்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் தலைவர், தன் மார்பில் எண்ணெய் பூசிக்கொண்டு, இடுப்பில் விசேஷத்துக்குக் கட்டுகிற சிவப்புப் பாய் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "தலைவரே!" என்றேன். "பாதி இளநீ குடுத்தியாமே, வெக்கமா இல்ல? அந்த மிச்சப் பாதிதான் இது" என்றார்.

அவ்வளவுதான், அணை உடைந்துவிட்டது. ஒரு வீட்டில் இருந்து லாப்லாப் வந்தது, வள்ளிக்கிழங்கை அரைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றி, இலையில் ஆவி பறக்க. அடுத்த வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? அவள் லாப்லாப்பில் கோழி இருந்தது. அதற்கடுத்தவள் லாப்லாப்பில் கோழியோடு ஆற்று இறாலும் இருந்தது. மலைக்கு ஓட்டிய பன்றிகளில் ஒன்று எப்படியோ இலையில் கட்டப்பட்டு வந்து சேர்ந்தது. ஹென்ட்ரிக் கையெடுத்துக் கும்பிட்டு லேனாவிடம் ஏதோ சொன்னார். லேனா சொன்னாள்: "சார் கறி, மீனு எதுவும் சாப்பிட மாட்டாரு. காய்கறி மட்டும்தான்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு உன் அக்காள் மெதுவாகக் கேட்டாள்: "அவங்க ஊர்ல பன்னியே கிடையாதா?"

"இருக்கு அக்கா. இவரு சாப்பிட மாட்டாரு."

"இருந்தா ஏன்மா சாப்பிட மாட்டாரு? வாங்க முடியல போல. சொல்ல வெக்கப்படுறாரு. பாவம், எவ்வளவு ஒசரமா வளந்து, பன்னிக்கறி ருசியே தெரியாம!"

உடனே கவுன் நுனியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆளுக்கொரு கீரைக்கட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் குவித்தார்கள். மச்சான், நான் ஏழை வேஷம் காட்டச் சொன்னால், ஊர் வந்தவரை ஏழை என்று முடிவு கட்டிவிட்டது.

பிறகு கேள்விகள். தலைவரிடம், "உங்களுக்கு எத்தனை பன்றி?" தலைவர், "ஒண்ணுகூட இல்ல" என்றார். எனக்கு உயிர் வந்தது. ஹென்ட்ரிக் வருத்தத்தோடு எழுதிக்கொண்டார். தலைவர் அதோடு நிறுத்தினாரா? "எல்லாம் வெளியில குடுத்து வச்சிருக்கேன். அம்பேல பாதி, மாவோ தீவுல பாதி. பன்னிய வீட்டுல கட்டி வச்சிருக்கிறவன் பெரிய மனுஷனா? அது எத்தன ஊர்ல நம்ம பேரச் சொல்லித் தின்னுதுங்கிறதுதான் கணக்கு" என்றார். ஹென்ட்ரிக் எழுதியதை அடித்தார். "ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுவீர்கள்?" என்றதற்கு ஒரு கிழவர், "உங்களுக்கு எத்தன வேளை வேணும்?" என்று திருப்பிக் கேட்டார். கடைசியாக எங்கள் வீடு. "வீட்டில் உணவு இருப்பு இருக்கிறதா?" நான் வாயைத் திறப்பதற்குள் உன் அக்காள் சிலிர்த்துக்கொண்டாள். "என்னம்மா கேள்வி இது? கடைக்காரன் பொண்டாட்டிகிட்ட வந்து அரிசி இருக்கான்னு கேக்குறதா?" என்று துணியை ஒரே இழுப்பு இழுத்தாள். கட்டிலுக்கு அடியில் என் கடையே சிரித்தது. நான் கிழிந்த சட்டையைக் கையால் மூடிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை படகு கிளம்பும் இடத்தில் ஊரே கூடியிருந்தது. படகில் வள்ளிக்கிழங்கும் பாயும் வாழைத்தாரும் ஏறி ஏறி விளிம்பு தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஹென்ட்ரிக் மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். உங்கள் ஊர் அழகான ஊர், நிறைவான ஊர். ஆனால் முனைக்கு அப்பால் இருக்கிற ஊரில் மக்கள் எங்களைப் பார்த்ததும் அழுதார்கள், குடிக்கத் தண்ணீர்கூடத் தர முடியவில்லை. அவர்களுக்குத்தான் செய்ய வேண்டியிருக்கும் என்றார். முனையூர்க்காரர்கள், மச்சான்! மூன்று நிறுவனம் பார்த்துத் தேறிய ஊர். அழுவதற்கு என்று தனியாக ஆள் வைத்திருக்கிறார்கள்.  ரோசலின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள்.  முனைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது வழி இருக்கா, கேளும்மா" என்றேன். லேனா கேட்டாள். ஹென்ட்ரிக் தன் காகிதங்களைப் புரட்டிவிட்டு, ஊர்க்காரர்கள் தங்கள் பங்காக என்ன தருவார்கள் என்று எழுதவும் ஓர் இடம் இருக்கிறது, பெரிய பங்கு தருகிற ஊரை வேறு கணக்கில் சேர்க்கலாம், ஆனால் இந்தக் கரையோர ஊர்களில் அந்த இடத்தை நாங்கள் காலியாகவே விட்டுவிடுகிறோம் என்றார். ஏன் என்று கேட்டேன். அவர் என் கிழிந்த சட்டையைப் பார்த்தார். பிறகு மிகுந்த கருணையோடு சொன்னார். லேனா அதைச் சொல்லவே தயங்கினாள்.

"உங்ககிட்ட குடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்றாரு."

 தலைவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பெண்கள் தரையைப் பார்த்தார்கள். இரண்டு நாளாக ஊரைப் பிச்சைக்கார வேஷம் போடச் சொன்னவன் நான்தானே? அந்த வார்த்தை வேறு எவனுக்கும் பொருந்தவில்லை, என் சட்டைக்குத்தான் பொருந்தியது. கொப்பரை சுமந்து, ஒற்றைப் பெட்டியில் சோப்பு விற்று, இந்தக் கடையை நானே எழுப்பியவன். என் எதிரே நின்று ஒரு மனிதர், என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை என்கிறார்.

அந்த நேரம் பார்த்து, மச்சான், நான் சத்தியமாகக் கூப்பிடவில்லை, பாதை வழியாகக் கேப்டன் வந்தது. வைத்த கிழங்கு தீர்ந்து, கயிற்றை அறுத்துக்கொண்டு, என் வாசனை பிடித்து இறங்கி வந்திருக்கிறது. காலை வெயிலில் கோரைப்பல் இரண்டும் மின்ன, மெதுவாக, ஒரு பெரிய மனுஷன் சபைக்கு வருகிற நடை. கூட்டம் தானாக வழிவிட்டது. ஹென்ட்ரிக் லேனாவுக்குப் பின்னால் போய் ஒளிந்தார். அவள் அவர் இடுப்பு உயரம்தான். கேப்டன் நேராக வந்து என் முழங்காலில் மூக்கைத் தேய்த்தது. தொங்கிக்கொண்டிருந்த கயிற்றின் முனையை எடுத்தேன். அதன் பிறகு என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. நாலடி நடந்து அந்தக் கயிற்றை ஹென்ட்ரிக்கின் கையில் வைத்து அவர் விரல்களை மூடினேன்.

ஊர் போட்ட சத்தத்தில் தேங்காய் விழுந்தது. யாரோ சங்கு ஊதினார்கள். தலைவர் திரும்பினார், அவர் கண்ணில் தண்ணீர். உன் அக்காள் மட்டும் என் காதருகே வந்து, "அது என் தம்பி பன்னிடா" என்றாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் என்னை "டா" போட்டது அன்றுதான்.

இப்போது மேலே போய் முதல் பத்தியைப் படித்துவிட்டு வா. பன்றி நலம். படித்துவிட்டாயா? சரி.

 ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் பரிசு வாங்கக் கூடாது என்று அவர்களுக்குச் சட்டமாம். ஹென்ட்ரிக் கயிற்றை நீட்டி, வாங்கிக்கொள்ளுங்கள் என்று என்னிடம் கெஞ்சினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தலைவர் லேனாவிடம் நிதானமாகச் சொன்னார்: "பிடிச்ச கயித்தத் திருப்பிக் குடுத்தா அது அவமானம்னு சொல்லும்மா. அபராதம் உண்டு."

"என்ன அபராதம்?"

"இன்னொரு பன்னி."

ஹென்ட்ரிக் தலை சுற்றி வள்ளிக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அங்கேதான் உன் அத்தானின் வியாபார மூளை வேலை செய்தது. நான் சொன்னேன்: "சார், நீங்க வாங்க வேண்டாம். எழுதுங்க. அந்தக் காலி இடம் இருக்கே, அதுல எழுதுங்க. ஊர்ப் பங்கு: முழு வளையம் சுத்துன கோரைப்பல் பன்னி ஒண்ணு. பன்னி உங்க கம்பெனி பன்னி. ஆனா எங்க வழக்கப்படி பெரிய மனுஷங்க பன்னி அடுத்தவன் வீட்டுலதான் வளரும். அது எங்கிட்டயே இருக்கட்டும்." லேனா சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்தது. படகு வானொலியில் விலா அலுவலகத்தைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் முதலில் சிரித்தார்கள். அங்கே இருந்த நம் தீவுக்காரன் ஒருவன் வானொலியைப் பிடுங்கி, "முழு வளையமா? ரெண்டு பக்கமுமா? எந்த ஊரு அது?" என்று கத்தியதும் சிரிப்பு நின்றது. இந்தக் கரை முழுவதிலும் எந்த ஊரும் இவ்வளவு பெரிய பங்கு தந்ததில்லை என்று எழுதிக்கொண்டார்களாம்.

அடுத்த கப்பலிலேயே தகடு வந்தது, மச்சான்! கட்டைகள் வந்தன, ஒன்று கேட்ட இடத்தில் இரண்டு தண்ணீர்த் தொட்டி வந்தது! ஹென்ட்ரிக்கே மேலே ஏறி ஆணி அடித்தார். அவருக்கு ஏணி தேவைப்படவில்லை. முனையூர்க்காரர்கள் படகில் வந்து பார்த்துவிட்டு, "நாங்க அழுதது வீணாப்போச்சு" என்று உண்மையாகவே அழுதார்கள். மெரிலின் நர்ஸ் கட்டிய மூட்டையை அவிழ்த்தாள். கூரை முடிந்த மறு வாரம், மத்தியானம், மலைக்கு மேலே வானம் கறுத்து ஒரு மழை பிடித்தது பார், தகட்டின் மேல் ஆயிரம் பேர் மேளம் அடித்த மாதிரி. அந்த மழைக்குள்தான் ரோசலினுக்கு வலி எடுத்தது. நாங்கள் எல்லாரும் வெளியே வாழை இலையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சத்தத்தில் உள்ளே என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை. குழந்தை அழுததுகூடக் கேட்கவில்லை. நர்ஸ் கதவைத் திறந்து வாயை அசைத்தாள். "என்னது?" என்று கத்தினோம். அவள் உள்ளே போய்க் குழந்தையையே தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள்.

பெண் குழந்தை, மச்சான்! உன் மூக்கு, ரோசலினின் கண், உன் அக்காளின் குரல்! ஒரு சொட்டு மழை அவள் மேல் படவில்லை. தொட்டி நிரம்பி வழிந்த தண்ணீரில்தான் முதல் குளியல். புதுக் கூரைக்குக் கீழே பிறந்த முதல் பிள்ளை உன் பிள்ளை. ஊர் கூடி ஹென்ட்ரிகா என்று பெயர் வைத்துவிட்டது. உனக்குப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த பிள்ளைக்கு நீ வைத்துக்கொள்.

ஆகவே ஏழு வருஷம் உருண்டை உருட்டி ஊட்டிய பன்றி போய்விட்டதே என்று நீ தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். பெயர்தான் அவர்களுடையது, பன்றி என் பட்டியில், என் கண் முன்னால், உன் கிழங்கைத் தின்றுகொண்டு நிற்கிறது. ஒரு அடிகூட நகராது. எல்லாம் ஹென்ட்ரிக்கிடம் பேசி முடித்துவிட்டேன். ஆகஸ்டில் நீ வந்ததும் நடனத் திடலில் அவரே கயிற்றைப் பிடித்து உன் கையில் கொடுப்பார்; நீ ஊர் அறிய அடித்துப் பட்டம் வாங்கிக்கொள்ளலாம். நம் தீவில் மாமன் மச்சான் கொடுத்த பன்றியில் பட்டம் வாங்கியவர்கள் உண்டு. பல தேசங்கள் சேர்ந்து கொடுத்த பன்றியில் வாங்கியவன் நீ ஒருவன்தான் இருப்பாய். அந்த நிறுவனம் இருக்கிற வரைக்கும் உன் பன்றிக்கு ஒரு குறையும் வராது. அது மலை மாதிரி நிறுவனம். உன் அத்தான் நஷ்ட வியாபாரம் செய்து நீ பார்த்திருக்கிறாயா?

தலைவர் மொலி தன் வாழ்த்தைச் சொல்லச் சொன்னார். மெரிலின் நர்ஸ், பிள்ளைக்குக் கம்பளிக் குல்லாய் வாங்கிவரச் சொன்னாள். ரோசலின் சொன்னதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, நேரில் கேட்டுக்கொள். மழையும் வெயிலும் அளவாகப் பெய்து காய்ந்து, உன் முதுகு நேராகி, நீ நல்லபடி வந்து சேர உன் அக்காளும் நானும் ஆண்டவரை வேண்டி ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
உன் நன்மையையே நாடும்,
ஹோசியா தாரி.

பின்குறிப்பு: கப்பல் வர இரண்டு வாரம் தாமதமாகிவிட்டது. அதற்குள் சின்ன மாற்றம். நேற்று முன்தினம் ஹென்ட்ரிக் தனியாக ஒரு மீன்படகில் வந்து இறங்கி, நகமாலில் உட்கார்ந்தார். இரண்டு சிரட்டைக் காவாவுக்குப் பிறகு நம் பேச்சிலேயே திக்கித் திக்கிச் சொன்னார்: பணம் கொடுத்துவந்த தேசங்கள் கையை மூடிவிட்டனவாம், விலா அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்களாம், அவருக்கும் லேனாவுக்கும் வேலை இல்லையாம். ஊர் அங்கேயே கூடியது. அவர் நம்மைக் கேட்ட கேள்விகளை உன் அக்காள் ஒவ்வொன்றாக அவரைக் கேட்டாள். "ஒரு நாளைக்கு எத்தன வேள சாப்பிடுறீங்க?" "ஒண்ணு." "வீட்டுல என்ன இருப்பு இருக்கு?" "ரொட்டி." "இந்த நாட்டுல சொந்தக்காரங்க?" அவர் தலையை ஆட்டினார். இல்லை. தலைவர் பெருமூச்சு விட்டார். "நான் அன்னைக்கே சொன்னேனே. இவன்தான் ஏழை" என்றார்.

உடனே உதவி முடிவாகிவிட்டது: கிழங்கு, பாய், கீரை, கோழி (வளர்க்க). கடைசியில் தலைவர், "அவன் சொத்து அவனோட போகணும். பன்னியப் பிடிச்சுட்டு வா" என்றார். நான் எவ்வளவோ வாதாடினேன், மச்சான். "கயித்த அவன் கையில வச்சு மூடினது யாரு?" என்று ஊரே கேட்டது. ஹென்ட்ரிக், "பதிலுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிவிட்டார். "அந்த வார்த்தைய எங்க ஊர்ல சொல்லாதப்பா" என்று தலைவர் அதட்டினார். உன் அக்காள் அழுதுகொண்டே அவரைத் தன் தம்பியாக ஏற்றுக்கொண்டு பாய் போர்த்திவிட்டாள். ஆகவே பன்றி குடும்பத்தை விட்டுப் போகவில்லை. வயதைக் கேட்டோம், உன்னைவிட மூத்தவர். பட்டத்தில் மூத்தவனுக்கே முதல் உரிமை என்பது உனக்குத் தெரியாததல்ல. அவர் பன்றியை அடிக்க மாட்டாராம். விலா வீட்டுத் தோட்டத்தில் வைத்துக் கீரை போட்டு வளர்ப்பாராம். ஆகஸ்டில் விலாவில் இறங்கியதும் உன் அண்ணனைப் போய்ப் பார். கையில் தடி வேண்டாம். கிழங்கு கொண்டு போ.

இந்தக் கடிதத்தை விலாவில் தபாலில் சேர்ப்பதும் அவர்தான். அவரும் கேப்டனும் ஒரே கப்பலில், ஒரே மூலையில் போகிறார்கள். காகிதத்தின் ஓரம் கடிபட்டிருந்தால் உன் அண்ணனைச் சந்தேகப்படாதே. பன்றி நலம் என்று நான் எழுதியதற்கு அதுவே சாட்சி.